கருணைக்கும் கணக்கு வேண்டும்

தருமம் செய்யத் தெரியாத சமூகம் நம் சமூகமன்று. தோட்டமாயினும் பட்டணமாயினும், யாரேனும் ஒருவர் கையில் நோட்டுப் புத்தகத்துடன் வாசலில் வந்து நின்றால், இயன்றதைக் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மவரிடையே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. திருவிழாவுக்குக் கொடுத்திருக்கிறோம், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறோம், அநாதையாய் இறந்தவனின் ஈமச் செலவுக்கும் கொடுத்திருக்கிறோம். ஆனால், கொடுத்த காசு என்னவாயிற்று என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. கேட்பவனைக் கஞ்சன் என்றும் கலகக்காரன் என்றும் பழிப்பாரே மிகுதி. இஃது எத்துணைப் பெரிய கேடு என்பதை விளக்க, உள்ளூர்க் கதை எதையும் எடுக்காமல், கடல் கடந்த வரலாறு ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். வாயில்லா ஜீவன்களைக் காக்க இலண்டன் மாநகரில் எழுந்த ஒரு சங்கம், பணமின்மையால் எவ்வாறு சிறை வாசலை மிதித்தது என்பதும், பணம் வந்தபின் அப்பணத்தாலேயே எவ்வாறு தன் நாவைக் கட்டிக்கொண்டது என்பதுமே அவ்வரலாறு.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் மாடும் குதிரையும் கழுதையும் பட்ட பாடு சொல்லத் தரமன்று. இலண்டனிலுள்ள ஸ்மித்பீல்டு சந்தைக்கு ஓட்டிவரப்பட்ட கால்நடைகள் தெருவெங்கும் அடியும் குத்தும் பட்டு நடந்தன. காளையைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பது அந்நாட்டில் ஒரு பொழுதுபோக்காக இருந்தது. 1809-இல் எர்ஸ்கின் பிரபு இக்கொடுமையைத் தடுக்க ஒரு மசோதாவைப் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தார். அங்கே அது நிறைவேறிற்று. மக்கள் சபையில் தோற்றது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1822-இல், அயர்லாந்தின் கால்வே தொகுதியின் பிரதிநிதியான ரிச்சர்டு மார்ட்டின் என்பார் விடாப்பிடியாக நின்று ஒரு சட்டத்தை நிறைவேற்றி வைத்தார். மாடு, குதிரை, ஆடு முதலியவற்றைக் கொடுமை செய்வோர்க்கு பத்து ஷில்லிங் முதல் ஐந்து பவுன் வரை அபராதம். கட்டத் தவறினால் மூன்று மாதம் வரை சிறை. பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டங்களுள் கால்நடைகளைக் கொடுமையினின்று காப்பதற்கென்றே எழுந்த முதற் சட்டம் இதுவே.

சட்டம் ஏட்டில் ஏறிவிட்டது. அதை நடத்துவார் யார்? இலண்டன் மாநகரப் போலீஸ் படை என்பது 1829-இல்தான் அமைக்கப்பட்டது. அதற்குமுன், குற்றத்தைக் கண்டவனே குற்றவாளியைப் பிடித்து, கோர்ட்டுக்கு இழுத்துச் சென்று, சாட்சி சொல்லி, வழக்கை நடத்த வேண்டும். மார்ட்டின் தாமே தெருவில் இறங்கி இவ்வாறு செய்தார். கழுதையை அடித்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், அடிபட்ட கழுதையையே கோர்ட்டுக்குள் கொண்டுவந்து அதன் காயங்களை மாஜிஸ்திரேட்டுக்குக் காட்டினார் என்பர். அபராதம் கட்ட வழியில்லாத ஏழைகளுக்காகச் சில வேளைகளில் தம் பையிலிருந்தே பணம் எடுத்துக் கொடுத்தார். ஆயினும், ஒரு மனிதர் எத்தனை தெருவில் நிற்க முடியும்? ஆகவே, ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். வழக்குச் செலவு வேண்டும். ஜனங்களின் மனத்தைத் திருப்பத் துண்டுப் பிரசுரங்கள் வேண்டும். சுருங்கச் சொன்னால், பணம் வேண்டும். கருணை எங்கே முடிகிறதோ அங்கே கணக்குத் தொடங்குகிறது.

ஆர்தர் புரூம் என்ற பாதிரியார் இக்குறையை நீக்க முன்வந்தார். 1824-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், இலண்டனில் ஓல்டு ஸ்லாட்டர்ஸ் என்னும் காப்பிக்கடையில் ஒரு கூட்டம் கூட்டினார். அக்கூட்டத்திலேதான் பிராணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சங்கம் பிறந்தது. மார்ட்டின் வந்திருந்தார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்ஸும், பார்லிமெண்டில் அடிமை ஒழிப்புப் போரை அவருக்குப்பின் தலைமை தாங்கி நடத்திய பக்ஸ்டனும் இச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அடங்குவர். இதை நம் நேயர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். மனிதனுக்காகப் போராடத் தெரியாதவர்கள் மாட்டுக்காகப் போராட வந்தார்கள் என்று சொல்வதற்கு இங்கே இடமே இல்லை. மனிதனின் விலங்கை உடைத்த அதே கைகள்தாம் விலங்கின் மேல் விழுந்த சவுக்கையும் பிடித்து நிறுத்தின.

அன்றே இரண்டு கமிட்டிகள் அமைக்கப்பட்டன. ஒன்று, நூல்களாலும் பிரசங்கங்களாலும் ஜனங்களின் மனத்தைத் திருத்துவதற்கு. மற்றொன்று, சந்தைகளையும் தெருக்களையும் அறுப்புக்கூடங்களையும் மேற்பார்வை செய்வதற்கு. புரூம் காரியதரிசியானார். தம் பாதிரிப் பதவியையும் அதன் வருமானத்தையும் துறந்து, சம்பளமின்றி இப்பணியில் இறங்கினார். சங்கம் தோன்றுவதற்கு முன்பே ஸ்மித்பீல்டு சந்தையை மேற்பார்வை செய்யத் தம் சொந்தப் பணத்தில் ஆள் வைத்தவர் அவர். முதல் ஆண்டிலேயே அறுபதுக்கு மேற்பட்டவர்கள் சங்கத்தின் முயற்சியால் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள்.

வேலை நடந்தது, ஐந்தொகை நேராகவில்லை. ஆள் சம்பளமும் அச்சுக்கூலியும் வழக்குச் செலவும் மாதந்தோறும் தவறாமல் வருவன. சந்தாவும் நன்கொடையுமோ மனிதரின் மனம் போல் ஏறி இறங்குவன. நிச்சயமான செலவுக்கு நிச்சயமற்ற வரவை நம்பினால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது. 1826-இல் சங்கத்தின் கடன் ஏறக்குறைய 300 பவுனாகிவிட்டது. சங்கத்தின் கடனுக்குப் பொறுப்பாளி காரியதரிசியே என்று, கடன்காரர்க்கான சிறையில் புரூம் அடைக்கப்பட்டார். தனக்கென ஒரு காசும் எடுத்துக்கொள்ளாதவர், பிறர் கொடுக்கத் தவறிய காசுக்காகச் சிறை சென்றார். மார்ட்டினும் லூயிஸ் கோம்பர்ட்ஸ் என்பாரும் முயன்று பணம் திரட்டி அவரை மீட்டனர். புரூம் 1828-இல் பொறுப்பிலிருந்து முற்றும் விலகி, 1837-இல் உலகம் மறந்தவராக மறைந்தார். மார்ட்டினின் முடிவும் இனியதன்று. 1826 தேர்தலை ஒட்டி எழுந்த வழக்கில் பார்லிமெண்டு ஸ்தானத்தை இழந்து, கடன்காரர்க்கு அஞ்சிப் பிரான்சு நாட்டுக்குச் சென்று, அங்கேயே 1834-இல் உயிர் நீத்தார்.

தோட்டத்து ஆபீசில் பேரேடும் செக்ரோலும் எழுதுவது நம் தொழில். செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்தின் கூலி போய்விடும் என்பதை அறிவோம். ஆதலின், புரூம் பாதிரியாரின் சரிதையைப் படிக்கையில் நம் நெஞ்சில் இரக்கம் ஒன்று மட்டும் எழவில்லை. ஒரு கேள்வியும் எழுகிறது. அக்காப்பிக்கடையில் கூடிக் கைதட்டிய கனவான்கள் எல்லாரும் எங்கே போனார்கள்? கமிட்டி என்பது பெயருக்கு நாற்காலி போட்டு உட்காருவதற்கன்று. மாதம் ஒருமுறை வரவையும் செலவையும் எடுத்து வைத்து, இன்னும் எத்தனை மாதத்துக்குக் கையிருப்புத் தாங்கும் என்று பார்ப்பது கமிட்டியாரின் கடமை. அக்கடமை தவறும் இடத்தில், உழைப்பவன் ஒருவன்மேல் எல்லாருடைய பாரமும் விழுந்துவிடுகிறது. நம் சங்கங்களிலும், ஓடியாடி உழைக்கும் காரியதரிசி ஒருவரும், விழா நாளில் மாத்திரம் மாலை போட்டுக்கொள்ள வரும் அங்கத்தினர் பலரும் இருப்பதை யாரே அறியார்?

புரூமுக்குப்பின் சங்கத்தைத் தூக்கி நிறுத்தியவர் கோம்பர்ட்ஸ். அவர் யூதர், புதுப்புதுக் கருவிகளைக் கண்டுபிடிப்பதில் வல்லவர். புலால் உண்ணார், குதிரை பூட்டிய வண்டியிலும் ஏறார். சொல்லியதைச் செய்த மனிதர். தம் பணத்தையும் காலத்தையும் கொடுத்து, மூழ்கவிருந்த கப்பலைக் கரை சேர்த்தார். அதற்கு அவர் பெற்ற கைம்மாறு யாது? 1832-இல், இச்சங்கம் கிறிஸ்துவக் கொள்கைகளின்மேல் மட்டுமே நிற்பது என்று ஒரு தீர்மானம் செய்தார்கள். யூதரான கோம்பர்ட்ஸ் வெளியேறினார். வெளியேறி, மதபேதம் பாராத வேறொரு சங்கத்தை நிறுவினார், பத்திரிகையும் நடத்தினார். ஆனால் அவர் நோய்வாய்ப்பட்டு 1846-இல் ஓய்வு பெற்றதும், அச்சங்கம் தேய்ந்து போயிற்று.

அன்பர்களே, சற்றுச் சிந்தியுங்கள். அடிபட்ட கழுதைக்கு என்ன மதம்? அதன் புண்ணில் மருந்திடும் கைக்கு என்ன மதம்? கொடுக்கும்போது எந்தச் சாதியான் காசும் காசாகத்தான் தெரிகிறது. பதவியில் அமர்த்தும்போது மட்டும் சாதியும் மதமும் நினைவுக்கு வருகின்றன. இவ்வியாதி இலண்டனுக்கு மட்டும் உரியதன்று என்று கூறி, மேலே செல்வோம்.

1835-இல் இரு செய்திகள் நிகழ்ந்தன. காளைகளையும் கரடிகளையும் நாய்களால் கடிக்கச் செய்து வேடிக்கை பார்ப்பதைப் பார்லிமெண்டு சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டில், பின்னாளில் மகாராணியான விக்டோரியா, இளவரசியாக இருந்த நிலையிலேயே, சங்கத்தின் புரவலர்களுள் ஒருவரானார். 1840-இல் அரச முத்திரையும் கிடைத்தது. அரசச் சங்கம் என்ற பெயரும் வந்தது. அரண்மனைப் பெயர் வந்த இடத்தில் பிரபுக்களும் சீமாட்டிகளும் வராதிருப்பரோ? சந்தா பெருகிற்று. ஒரு காலத்தில் 300 பவுனுக்குச் சிறை சென்ற சங்கம், நிலைத்த ஸ்தாபனமாயிற்று.

ஆனால், பணம் தனியே வருவதில்லை. கொடுப்பவனின் விருப்பு வெறுப்பையும் கூடவே அழைத்து வருகிறது. சங்கத்தின் ஆட்கள் யாரைப் பிடித்தார்கள்? வண்டியோட்டியை, சந்தை வியாபாரியை, கூலிக்குக் குதிரை ஓட்டும் ஏழையை. குதிரைமேலேறி, நாய்க்கூட்டத்தை விட்டு நரியைத் துரத்திக் கிழிக்கச் செய்யும் பிரபுவைப் பிடித்தார்களா? இல்லை. சந்தாதாரர்களில் பலர் வேட்டைப் பிரியர்களே. சட்டமும் அவர்களுடைய வேட்டையைத் தீண்டவில்லை. சங்கத்தின் தந்தையான மார்ட்டினுமே வேட்டையாடியவர்தாம். 1868-இல், அந்நாட்டின் பேரறிஞரான ஜான் ஸ்டூவர்ட் மில்லைச் சங்கத்தார் தங்கள் உபதலைவர்களுள் ஒருவராக இருக்க அழைத்தனர். சங்கத்தின் நோக்கத்தை அவர் மதித்தார், பதவியை மறுத்தார். செல்வாக்கில்லாத வகுப்பாரின் குற்றங்களை மட்டுமே சங்கம் நாடிச் செல்லும்வரை, தம் பெயரைத் தருவதற்கில்லை என்பது அவர் கூறிய காரணத்தின் சாரம். நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை இங்கிலாந்தில் தடுக்கும் சட்டம் 2004-இல்தான் வந்தது. மில் கைகாட்டிய குற்றத்தைச் சட்டம் எட்டிப் பிடிக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

ஆகவே, பணமில்லாத சங்கம் சிறைக்குப் போகிறது. ஒரு வகுப்பாரின் பணத்தையே நம்பிய சங்கம் அவ்வகுப்பாரிடம் வாய் பொத்தி நிற்கிறது. இவ்விரு பள்ளங்களுக்கும் நடுவே வழி உண்டா? உண்டு. பலரிடம் சிறிது சிறிதாகப் பெறுவதே அவ்வழி. அதற்கும் ஓர் உதாரணம் பம்பாயில் இருக்கிறது.

1832-இல் பம்பாய் அரசாங்கத்தார் தெரு நாய்களைக் கொல்ல உத்தரவிட்டு, கொல்லும் நாய்க்கு இவ்வளவு என்று கூலியும் கொடுத்தனர். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கொதித்தெழுந்தனர், கடைகள் மூடப்பட்டன, கலகம் மூண்டது. கலகம் அடங்கியபின், 1834-இல், பார்சிச் செல்வரான ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகரான மோதிசந்த் அமீசந்தும் பிறரும் சேர்ந்து, திக்கற்ற நாய்க்கும் கிழட்டு மாட்டுக்கும் பிஞ்சராபோல் என்னும் காப்பகம் அமைத்தனர். குஜராத்தி வணிகரிடையே இத்தகைய காப்பகங்கள் பழைய வழக்கம். அவற்றின் செலவுக்கு வணிகர்கள் கண்டுபிடித்த உபாயம் வியக்கத்தக்கது. ஆண்டுக்கொருமுறை கையேந்துவதில்லை. விற்கும் வாங்கும் சரக்கின்மேல் மிகச் சிறு மகமை ஒன்றை வணிகர் சபை விதித்துவிடும். வியாபாரம் நடக்கும் வரை மகமையும் வரும்; மகமை வரும் வரை மாட்டுக்குப் புல்லும் கிடைக்கும். ஒருவர் செத்தாலும் ஒருவர் சினந்தாலும் காப்பகம் சாவதில்லை. இலண்டன் பாதிரியார் காணாத இரகசியத்தைப் பம்பாய்க் கடைவீதி கண்டிருந்தது.

இங்கும் ஒரு கறை உண்டு. அதை மறைப்பது வரலாறாகாது. ஜீஜீபாய் செல்வம் சேர்த்தது பருத்தியாலும், சீனத்துக்கு அனுப்பிய அபினியாலும். ஒரு நாட்டு மக்களின் உடலையும் அறிவையும் உருக்கிய பொருளின் லாபத்தில், இன்னொரு நாட்டுக் கிழமாடு புல் தின்றது. அபினிக் குழாயில் மாண்ட சீனத் தொழிலாளிகளின் கதையை இம்மலாய் நாட்டில் நம் முன்னோர் நேரில் கண்டிருக்கிறார்கள். அத்தகைய காசைச் சங்கம் வாங்கலாமா? வாங்கலாகாது என்று சொல்லிவிட்டால், நாளைக்கு மாட்டுக்குப் புல் எங்கிருந்து வரும் என்று கேட்பார் உண்டு. வாங்கினால், அபினியைப் பற்றிப் பேச வாய் எழுமா என்று நாமும் கேட்கிறோம். வாங்குவதாயின், எவர் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது எல்லாரும் காணும்படி ஏட்டில் இருக்க வேண்டும். கொடுத்தவர்க்குச் சங்கத்தின் வாயை அடைக்கும் உரிமை இருத்தலாகாது. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் வாங்காமலிருப்பதே நன்று என்பது நம் கருத்து.

மனிதக் குழந்தை பசித்திருக்க நாய்க்கு வசூலா என்று கேட்போர் எக்காலத்திலும் உளர். 1860-இல் மேரி டீல்பி என்னும் அம்மையார் இலண்டனில் ஹாலோவே பகுதியில் வழிதவறிய நாய்களுக்கு ஒரு விடுதி திறந்தபோதும் இதே கேள்வியே எழுந்தது. பெரிய பத்திரிகை ஒன்று அவரை எள்ளி நகையாடியது. அம்மையார் 1865-இல் மறைந்தார். விடுதியோ 1871-இல் பாட்டர்ஸீ என்னும் இடத்துக்குப் பெயர்ந்து, இன்றளவும் நிற்கிறது. நகையாடியவர்க்கு விடை சொல்ல வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. 1883-இல் லிவர்பூல் நகரில் நாய்களுக்கு ஒரு விடுதி அமைப்பது பற்றிக் கூட்டம் நடந்தது. நாய்க்குப் பரிந்து பேசுகிற நாம், அடிபடும் குழந்தைகளுக்கும் பரிந்து பேசலாகாதா என்று அக்கூட்டத்திலே வேண்டுகோள் பிறந்தது. அவ்வாண்டிலேயே குழந்தைகளைக் கொடுமையினின்று காக்கும் சங்கம் அந்நகரில் தோன்றிற்று. இங்கிலாந்தில் இவ்வகையில் எழுந்த முதற் சங்கம் அதுவே. அடுத்த ஆண்டு இலண்டனிலும் ஒன்று எழுந்தது. நாய்க்காக விரித்த துண்டில் குழந்தைக்கும் பிச்சை விழுந்தது. இரக்கம் என்பது பானையில் உள்ள சோறன்று, ஒருவர்க்கு வைத்தால் மற்றவர்க்குக் குறைந்துபோவதற்கு.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் கிளை உண்டு. சிங்கப்பூரில் 1876-இலேயே பிராணி வதைத் தடுப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. அக்காலத்தில் இத்தீவின் சரக்கையும் தண்ணீரையும் சுமந்த மாட்டு வண்டிகளை ஓட்டியவர்களுள் நம் தமிழர் ஏராளம். அப்பணி பின்னர்த் தளர்ந்து கிடக்க, 1947-இல் லூசியா பாக் என்ற பெண்மணி ஆதரவற்ற பிராணிகளைத் தம் வீட்டிலேயே வைத்துக் காத்து அதற்குப் புத்துயிர் ஊட்டினார். இன்று தோட்டங்களில் வண்டி மாடு அருகிவிட்டது. ஆயினும், குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயரும்போது, அவர்கள் வளர்த்த நாய்கள் வெறிச்சோடிய லயத்து வாசலில் காத்துக் கிடப்பதைக் கண்டவர் பலர். அவற்றுக்கு ஒரு வேளைச் சோறும் ஓர் ஊசி மருந்தும் கொடுக்க நம் இளைஞர்கள் முன்வருவார்களாயின், அவர்களைத் தடுப்பது நம் எண்ணமன்று. வழி சொல்வதே நம் எண்ணம்.

முதலாவது, ரசீது இல்லாமல் ஒரு காசும் வாங்கலாகாது. கொடுத்தவர் தோட்டக் கூலியாயினும் துரையாயினும் ரசீதில் வித்தியாசம் இருத்தலாகாது. இரண்டாவது, பணத்தை வாங்குபவர் ஒருவர், ஏட்டில் எழுதுபவர் ஒருவர், தணிக்கை செய்பவர் சங்கத்துக்குப் புறம்பான ஒருவர் என்று பிரித்து வைக்க வேண்டும். இஃது ஒருவர்மேல் கொண்ட சந்தேகத்தால் அன்று, நல்லவனை வீண் பழியினின்று காப்பதற்கே. மூன்றாவது, சோற்றுக்கென்று வாங்கியதைச் சோற்றுக்கும், கட்டடத்துக்கென்று வாங்கியதைக் கட்டடத்துக்குமே செலவிட வேண்டும். நான்காவது, ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் புதிய காரியம் எதிலும் இறங்கலாகாது. புரூம் பாதிரியாரைச் சிறையில் தள்ளியது இக்குறையே. ஐந்தாவது, நூறு வெள்ளி கொடுக்கும் ஒருவரைவிட, மாதம் ஒரு வெள்ளி கொடுக்கும் நூறு பேரே சங்கத்தின் தூண்கள் என்று கொள்ள வேண்டும். ஆறாவது, ஆண்டுக் கணக்கை அச்சிட்டு, எழுத்தறியாதாரும் அறியும்படி கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மனிதர்க்காக எடுக்கும் வசூலில் மோசம் நடந்தால், பசித்தவன் ஒருநாள் எழுந்து வந்து கேட்பான். விதவை அழுதுகொண்டே வந்து கேட்பாள். மாணவன் படித்துப் பெரியவனாகி வந்து கேட்பான். மாட்டின் பெயராலும் நாயின் பெயராலும் எடுத்த பணம் காணாமற்போனால் வந்து கேட்பார் யார்? பயனடைய வேண்டியவரே வாய் பேசாதவர். ஆகையால், அவற்றுக்குப் பதிலாகக் கொடுத்தவன்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை நோட்டுப் புத்தகம் வாசலுக்கு வரும்போது, இயன்றதைக் கொடுங்கள். கொடுத்த கையோடு சென்ற ஆண்டுக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். காட்டுபவர்க்கு இருமடங்கு கொடுங்கள். கோபித்துக்கொள்பவர்க்கு, கணக்கோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.